கணக்குக் கொப்பியில் ஒரு கடல்

2025 ஜனவரி முதல் எனது கடைக் கணக்குக் கொப்பியில் ஒவ்வொரு நாளும் ஒரு வரி கூடுதலாக விழுந்து கொண்டிருந்தது. ‘கடல் – 500’ என்பதுதான் அந்த வரி. மார்ச் மாதம் கணக்குப் பார்க்க உட்கார்ந்த மகன் அதைக் கண்டுவிட்டான்.

“வாப்பா, கடன் எண்டு எழுதப் போய் கடல் எண்டு எழுதீக்கிறீங்க. யாருக்கு இந்தக் கடன்? எனக்குத் தெரியாம வட்டிக்கு ஏதும் எடுத்தீக்கிறீங்களா?”

“கடன்தான் மகன். உங்கட உம்மாக்கு. முப்பது வருசக் கடன்” என்றேன்.

வியாபாரச் சகோதரர்களே, இந்தப் பக்கத்தில் வழமையாக விலைவாசி, வங்கி, கொள்முதல் என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை ஒரு பயணக் கதை எழுதுகிறேன். ஆனால் இதுவும் வியாபாரக் கதைதான். கடைசி வரை வாசித்தால் புரியும்.

வெலிமடையில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். கடை திறந்த காலந்தொட்டு மூன்று நாட்கள் சேர்ந்தாற்போல் கடையை விட்டு விலகியது இரண்டே தடவைகள்தான். ஒரு முறை உம்ராவுக்குப் போனேன். மறுமுறை ஆஸ்பத்திரியில் படுத்தேன். நம்மில் பலருடைய கதையும் இதுதான் என்பது எனக்குத் தெரியும்.

2024 கடைசியில் வங்கியில் கூட்டுக் கணக்கு ஒன்று திறப்பதற்காகப் படிவம் நிரப்பினேன். மனைவியின் பழைய அடையாள அட்டையைப் பார்த்து இலக்கத்தை எழுதும்போதுதான் கை நின்றது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். மனைவியின் அட்டையில் 75 என்றும் அதற்குப் பிறகு 722 என்றும் இருந்தது. 500ஐக் கழித்தால் 222. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணினால் ஆகஸ்ட் 9. வருகிற ஆகஸ்ட் 9ஆம் திகதி அவவுக்கு ஐம்பது வயது!

எங்கள் வீட்டில் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டும் பழக்கம் இல்லை. அதுபற்றிய மார்க்க விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். இது வியாபாரப் பக்கம். எனக்கு அந்தத் திகதி ஒரு தவணைத் திகதி போலத்தான் பட்டது. காரணம், என் மாமனார் தன் மகளுக்குக் கொடுத்து, நிறைவேற்ற முடியாமல் போன வாக்கு ஒன்று இருந்தது.

லொறிக்காரரின் வாக்கு

மாமனார் லொறி ஓட்டியவர். வெலிமடையில் உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு பதுளை, பிபிலை, மஹாஓயா வழியாக மட்டக்களப்புக்கும் காத்தான்குடிக்கும் போவார். திரும்பும்போது கருவாடு ஏற்றி வருவார். எமது நகரத்தின் ஊடாகப் போகும் ஏ5 வீதி பேராதனையில் தொடங்கி, நுவரெலியா, வெலிமடை, பதுளை என்று மலையெல்லாம் சுற்றிச் செங்கலடியில் போய் முடிகிறது. செங்கலடியிலிருந்து கடல் எட்டிப் பிடிக்கும் தூரம்.

“அஞ்சாம் வகுப்புச் சோதினை பாஸ் பண்ணினா கல்குடாக் கடலுக்குக் கூட்டிப் போறேன்” என்று மாமனார் சொல்லியிருந்தாராம். மகள் 1985இல் பாஸ் பண்ணினாள். அந்த வருடமே கிழக்கில் கலவரம். பிறகு 1990 ஜூனில் மீண்டும் யுத்தம். மஹாஓயாவுக்கு அப்பால் லொறி போவது நின்றது. 1993இல் மாமனார் மௌத்தாகி விட்டார்.

நாங்கள் கலியாணம் முடித்த 1995இல் மனைவி இந்தக் கதையை ஒரே ஒரு தடவை சொன்னா. “வழி திறந்தா போவோம்” என்றேன். வழி எப்போது திறந்தது? 2004இல் சுனாமி. 2007இல் கிழக்கில் யுத்தம் முடிந்தது. எனக்குக் கடைக் கடன். 2009இல் நாடு முழுக்க யுத்தம் முடிந்தது, பிள்ளைகளின் படிப்பு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் பெண்கள் வெளியே போகவே தயங்கிய காலம். 2020இல் கொரோனா. 2022இல் பெற்றோல் வரிசை. 2023இலும் 2024இலும் ஒரு காரணமும் இருக்கவில்லை. போகாமல் இருந்து பழகிப் போனதுதான் காரணம்.

மனைவிக்குத் தெரியாமலே இதைச் செய்வது என்று முடிவெடுத்தேன். சொல்லிவிட்டால் நடக்காது. “அந்தக் காசில கூரையத் திருத்தலாமே” என்பா. அவவும் ஒரு வியாபாரியின் மனைவிதானே.

ஆயத்தம்

முதலில் காலம். எமது நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை காலி, மாத்தறைப் பக்கக் கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். நவம்பருக்குப் பிறகு கிழக்கில் அடைமழை. ஆகவே ஆகஸ்ட் மாதம் கிழக்குக்கு உகந்த மாதம். ஆகஸ்ட் 8 வெள்ளிக்கிழமை நிகினிப் பௌர்ணமி விடுமுறையாகவும் அமைந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாட்கள் கிடைத்தன.

அடுத்தது காசு. ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபா. கல்லாவிலிருந்து எடுத்துப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுக் கொப்பியில் எழுதுவேன். எழுதாமல் எடுத்தால் அது என் கடையிலேயே நான் செய்யும் களவு. கடை பூட்டிய நாட்களைக் கழித்து 208 நாட்களில் 1 இலட்சத்து 4 ஆயிரம் ரூபா சேர்ந்தது. மொத்தமாக ஒரு இலட்சத்தை எடு என்றால் எனக்குக் கை வந்திராது. ஐந்நூறு ஐந்நூறாகப் போனது தெரியவில்லை.

மூன்றாவது வாகனம். வேன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஒரு கிழமைக்கு முன் கராஜில் விட்டேன். பாஸ் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் பேட் இரண்டும் தேய்ந்து இரும்பு தெரிந்தது. “முதலாளி, வெலிமடைக்கும் பண்டாரவளைக்கும் ஓட இது போதும். எல்லயில இருந்து வெல்லவாய இறங்க இது போதாது” என்றார். மாற்றினேன். அந்தச் செலவைக் கடை வாகனக் கணக்கில் போட்டேன்.

அவர் சொன்னதன் கனம் ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, தங்காலையிலிருந்து சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்று அதே எல்ல – வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 15 பேர் உயிரிழந்தார்கள். செய்தியைக் கேட்டதும் மனைவி என் முகத்தைப் பார்த்தா. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. மலையிலிருந்து இறங்கும் எவரும் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லொறிக்காரர்கள் சொல்வதை நாம் மறந்து வருகிறோம்.

நான்காவது கடை. இதுதான் கஷ்டமானது. என்னோடு இருபத்திரண்டு வருடங்களாக இருக்கும் சேல்ஸ்மேன் நாநாவையும் மகனையும் கூப்பிட்டேன். அந்தக் கிழமை பாஸாக வேண்டிய செக் எவை, பௌர்ணமி விடுமுறையால் திங்களுக்குத் தள்ளிப் போவது எது, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஒரு தாளில் எழுதினேன். எழுதும்போதுதான் தெரிந்தது, இத்தனை வருடங்களாக இவையெல்லாம் என் தலைக்குள் மட்டுமே இருந்திருக்கின்றன. நான் திடீரென்று கண்ணை மூடினால் என் மகனுக்குக் கிடைப்பது ஒரு கட்டடமும் துணியும்தான், வியாபாரம் கிடைக்காது. இந்தத் தாளுக்காகவேனும் இந்தப் பயணம் தேவைப்பட்டது.

ஐந்தாவது இரகசியம். விஷயம் தெரிந்தவர்கள் நான்கு பேர்: மகன், மருமகள், மாவனல்லையில் இருக்கும் மகள், சேல்ஸ்மேன் நாநா. மனைவியிடம் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. “மருதமுனைக்குச் சரக்குப் பார்க்கப் போறேன், ஒரு ராத்திரி தங்க வேண்டி வரும், நீங்களும் வாங்க” என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எல்லாவற்றையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கூடுதல் உடுப்புப் பையை மருமகள் வேனின் பின் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தா.

மலை இறங்கி

வெள்ளிக்கிழமை ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பண்டாரவளை தாண்டும்வரை மனைவி ஸ்வெட்டர் போட்டிருந்தா. எல்ல வளைவுகளில் இறங்கி இராவணா நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் அதைக் கழற்றினா. வெல்லவாயவில் காது அடைத்துத் திறந்தது. ஆயிரம் மீற்றருக்கு மேலே வாழ்கிறவர்கள் நாம். ஒன்றரை மணித்தியாலத்தில் வேறு ஒரு நாட்டுக்கு வந்தது போல் வெயில்.

புத்தலயில் கரும்பு பார்த்தோம். மொனராகலையில் தேநீர். சியம்பலாண்டுவ தாண்டி லாகுகலக் காட்டு வழியில் வீதியோரம் யானைச் சாணம் சூடு ஆறாமல் கிடந்தது. அந்தத் துண்டை மாலைக்குப் பிறகு கடக்காதீர்கள். பொத்துவிலுக்கு ஜும்ஆவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம்.

அதற்குள் நான் கடைக்கு எடுத்த தொலைபேசி அழைப்புகள் ஏழு. எட்டாவதாக எடுக்கப் போனபோது மனைவி கையை நீட்டினா.

“இஞ்ச தாங்க அத. கடையத் தூக்கிட்டா வந்தீக்கிறீங்க?”

கொடுத்துவிட்டேன். அது அவவின் கைப்பையிலேயே கிடந்தது.

ஜும்ஆவுக்குப் பின் அறுகம்பேயைப் பார்த்தோம். சுனாமிக்குப் பிறகு அமெரிக்க உதவியோடு கட்டப்பட்ட பாலத்தைக் கடந்தால் அலைச் சறுக்கு விளையாடும் வெள்ளைக்காரர்கள். மனைவி தூரத்தில் நின்றே அலையைப் பார்த்தா. “இது கோபமான கடல்” என்றா. “வாப்பா செல்ற கடல் இப்பிடி இல்ல. இடுப்பளவு தண்ணியில எவ்வளவு தூரமும் நடக்கலாம் எண்டு செல்லுவார்.” நான் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொத்துவிலிலிருந்து வடக்கே கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என ஊருக்கு மேல் ஊர். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல். சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது இந்த அம்பாறை மாவட்டம்தான்; பத்தாயிரத்துக்கும் மேல். இன்று புதிய வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. ஆனால் எந்தக் கடையில் ஏறிப் பேசினாலும் நான்காவது பேச்சில் 2004 வந்துவிடுகிறது.

அறை இல்லை

எந்தத் திட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கும். அன்றிரவு தங்குவதற்கு வழியில் ஓர் ஊரில் அறை பேசி, ஐயாயிரம் ரூபா முற்பணமும் அனுப்பியிருந்தேன். மஃரிப் நேரம் போய் நின்றால் அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்து விட்டார்கள். “நீங்க உறுதிப்படுத்தலையே” என்றார்கள். தவறு என்னுடையதுந்தான். ஒரு சாரன் கட்டுக்குக் கூட பில் கேட்டு வாங்கும் நான், அறைக்கு வாய்ப்பேச்சை நம்பினேன். விடுமுறை நாள், வேறு அறையும் இல்லை.

மருதமுனையிலிருந்து எங்கள் கடைக்குச் சாரன் கொண்டு வரும் வியாபாரிக்குத் தகவல் சொன்னேன். பதினைந்து நிமிடத்தில் தன் மோட்டார் சைக்கிளில் வந்து வழி காட்டிக் கூட்டிப் போனார். அவருடைய வீட்டுப் பெண்கள் இரவு பத்து மணிக்கு மீன் பொரித்துச் சோறு போட்டார்கள். 2022இல் ரூபாய் விழுந்து நூல் விலை ஏறிக் கிடந்த நேரத்திலும் எனக்கு மூன்று மாதக் கடனுக்குச் சரக்குத் தந்த மனிதர் அவர். முப்பது வருடம் கொடுக்கல் வாங்கல். அவருடைய வாசற்படியை நான் மிதித்தது அன்றுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை அவரே எங்களைத் தறி வீடு ஒன்றுக்குக் கூட்டிப் போனார். ஒரு முதியவர் நெய்து கொண்டிருந்தார். கால் மிதிக்க, நாடா இப்படியும் அப்படியும் ஓடியது. மனைவி பாவு நூலைத் தொட்டுப் பார்த்தா. இந்தத் துணியை எத்தனை ஆயிரம் தடவை மடித்திருப்பா; நெய்வதைக் கண்டதில்லை.

“எங்கருந்து வாறீங்க?” என்றார் முதியவர்.

“வெலிமடை.”

“அந்தக் குளிருக்குள்ள நம்முட சாரன் உடுக்கிறாங்களா?”

“பெருநாளைக்கு இதுதான் வேணும் எண்டு கேட்டு வாறாங்க” என்றா மனைவி.

முதியவர் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சுனாமியில் தன்னுடைய இரண்டு தறிகளும் போனதாகவும், கிடைத்த பலகையை வைத்து மறுபடி கட்டியதாகவும் சொன்னார். பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லையாம். புறப்படும்போது மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டா: “நாங்க இதுக்கு விலை பேசிக் கொறைக்கிறது சரியா?” பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சாரனும் சேலையுமாகப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்தோம். அன்று நான் விலை பேசவில்லை.

அவரிடமே நேரடியாகச் சரக்கு எடுத்தால் ஒரு சாரனில் எனக்கு இலாபம் கூடும் என்பது வியாபாரிகளான உங்களுக்கு உடனே தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. ஆனால் முதல் நாள் இரவு சோறு போட்டவரைத் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கும் காசு எனக்கு வேண்டாம்.

செங்கலடிச் சந்தி

காத்தான்குடியில் ளுஹர் தொழுதோம். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட ஊர். மாமனாரின் மரக்கறி வாங்கிய கடைக்காரர்கள் இந்த ஊர்க்காரர்கள். யாருக்கு என்ன ஆனது என்று கடைசிவரை அவருக்குச் சரியாகத் தெரியாது என்று மனைவி சொன்னா. அதன்பின் நெடுநேரம் பேச்சில்லை.

கல்லடியில் 2013இல் திறந்த புதிய பாலத்தால் போகிறோம். பக்கத்திலேயே 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் நிற்கிறது. “வாப்பா செல்ற பாலம்!” என்று மனைவி சத்தமாகவே சொன்னா. எதிரே வாகனம் வந்தால் லொறி ஒதுங்க இடமில்லாத அந்தப் பாலத்தை மாமனார் ஆயிரம் தடவை கடந்திருப்பார்.

மட்டக்களப்புத் தாண்டிச் செங்கலடிச் சந்திக்கு வரும்போது பிற்பகல் மூன்றரை. இடது பக்கம் திரும்பினால் ஏ5. எங்கள் வீட்டு வீதி. மனைவி கைப்பையை ஒழுங்குபடுத்தினா, வீடு நோக்கிய பயணத்துக்கு ஆயத்தமாக. நான் திருப்பவில்லை. நேரே விட்டேன்.

“இஞ்ச பாருங்க, எங்கட ரோட்டு அந்தப் பக்கம்.”

“தெரியும்.”

“அப்ப எங்க போற?”

“இண்டைக்கு எத்தனாந் திகதி?”

“ஒம்பது. ஏன்?”

“அடையாள அட்டைய எடுத்துப் பாருங்க.”

எடுத்துப் பார்க்கவில்லை. வீதியோரத்தில் ‘கல்குடா’ என்ற பெயர்ப்பலகை வந்தது. அதைப் பார்த்தா. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா. வாழைச்சேனை வரும்வரை எடுக்கவில்லை.

பாசிக்குடாவில் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் பொலன்னறுவை வழியாக எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். கேக் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. மகள் வட்டிலப்பம் செய்து கொண்டு வந்திருந்தா. பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்க, ஐம்பது வயதுக்காரி உடுத்த உடுப்போடு கடலுக்குள் இறங்கினா. மாமனார் சொன்னது பொய்யில்லை. அலையே இல்லாத கடல். கரையிலிருந்து வெகுதூரம் போயும் தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. ஒரு இடத்தில் நின்று மேற்கே, மலை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் கூப்பிடவில்லை.

கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது, கடலிலிருந்துதான் எழும். ஞாயிறு ஸுபஹுக்குப் பின் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இம்முறை ஏ5 வழியே, மாமனாரின் லொறி வந்த வழியே. மஹாஓயா வெந்நீர்க் கிணறுகளில் காலை நனைத்தோம். பிபிலை, லுணுகலை, பதுளை. மனைவியின் கையில் ஒரு கருவாட்டுப் பார்சல். “வாப்பா வெறுங்கையோட வந்ததில்ல” என்றா. மஃரிபுக்கு வெலிமடை.

கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். எரிபொருள் 16,000. பாசிக்குடாவில் இரண்டு அறைகள் 24,000. சாப்பாடு 20,000. மருதமுனைத் துணி 18,500. பறிபோன முற்பணம் 5,000. சில்லறைச் செலவு 6,000. மொத்தம் 89,500 ரூபா. டின்னில் 14,500 மிச்சம்.

கடைக் கணக்கு? வெள்ளி, சனி, ஞாயிறு விற்பனை வழமையான அளவுதான். ஒரு விஷயம் மட்டும் நடந்திருந்தது. மூன்று வருடமாக மேல் தட்டில் கிடந்த திரைச்சீலைத் துணியைச் சேல்ஸ்மேன் நாநா விலை குறைத்து ஒரே ஆளுக்குக் கொடுத்து விட்டார். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அந்த விலைக்கு நான் ஒருநாளும் கொடுத்திருக்க மாட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மூன்று வருடம் முடங்கிய முதல், கையில் காசாக நிற்கிறது. நான் கடையில் இருந்திருந்தால் அந்தத் துணியும் இன்னும் தட்டில்தான் இருந்திருக்கும்.

கரையோரத்துச் சிறு வியாபாரிகளின் பக்கமிருந்தும் ஒரு வார்த்தை. 2018இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். 2021இல் அது 2 இலட்சத்துக்கும் கீழே போனது. அப்படிப்பட்ட காலங்களில் வெளிநாட்டவரை மட்டும் நம்பியிருந்த அறைக்காரர், மீன்காரர், தேநீர்க் கடைக்காரர் எல்லோரும் உள்நாட்டுக்காரரின் வேன் வருமா என்றுதான் பார்த்திருந்தார்கள். நாம் போய்ச் செலவழிக்கும் ஐந்நூறும் ஆயிரமும் இன்னொரு வியாபாரியின் கல்லாவில் விழுகிறது. அதே நேரம், விடுமுறை நாளில் வந்த உள்நாட்டுக் குடும்பத்தின் அறையைப் பறித்துக் கூடுதல் விலைக்குக் கொடுப்பவர் நாளைய வாடிக்கையாளரைத் தானே விரட்டுகிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஜூலை மாதம் எனக்கு மனம் தளர்ந்தது. வியாபாரம் மந்தம், “டிசம்பர் லீவுக்குப் போகலாம்” என்று மகனிடம் சொன்னேன். “திகதி ஆகஸ்ட் ஒம்பது வாப்பா. டிசம்பர் இல்ல” என்று அவன்தான் விடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. பதுளை மாவட்டம் பட்ட பாட்டை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்சரிவு, உயிரிழப்பு, துண்டிக்கப்பட்ட வீதிகள். டிசம்பரில் எங்கள் வேன் ஓடியது, நிவாரணப் பொதிகளோடு. கடலுக்குப் போகும் நிலையில் எவரும் இருக்கவில்லை. டிசம்பருக்கென்று தள்ளியிருந்தால் அந்த வாக்கு இன்னும் எத்தனை வருடம் கிடந்திருக்குமோ, அல்லாஹ்தான் அறிவான்.

செக்குக்குத் தவணை தவறினால் வங்கி திருப்பி அனுப்பும். அதனால் நாம் தவறுவதில்லை. வீட்டாருக்குக் கொடுத்த வாக்குக்குத் திருப்பி அனுப்ப யாருமில்லை. அதனால்தான் அது கடைசிக்குப் போய்விடுகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். தூரப் பயணமாக இருக்கத் தேவையில்லை. ஒரு திகதியைக் குறித்து, கொப்பியில் ஒரு வரி எழுதத் தொடங்குங்கள்.

எங்கள் கொப்பியில் அந்த வரி நிற்கவில்லை. மிச்சமான 14,500 ரூபாவோடு அது மறுபடி தொடங்கிவிட்டது. இம்முறை எழுதுவது மகன். சேல்ஸ்மேன் நாநா இருபத்திரண்டு வருடங்களாக நான் போகும் இடமெல்லாம் எனக்காகக் கடையில் நின்றவர். அவர் தன் குடும்பத்தோடு கடல் பார்த்ததில்லை என்பது எனக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. வருகிற ஆகஸ்டில், இன்ஷா அல்லாஹ், வேன் அவருக்கு. கடையில் நிற்பது நான்.

இந்தப் பக்கத்தை அவரும் வாசிப்பார். ஆகவே இதில் இனி இரகசியம் இல்லை. என்னைக்குப் புறப்படுவது என்ற திகதியை மட்டும் எழுதாமல் விடுகிறேன்.